18 நிறையாத பிள்ளை மீது வழக்கு: ஸ்டேஷன் வாசல் முதல் இறுதி உத்தரவு வரை

18 நிறையாத பிள்ளைகள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும் பெற்றோருக்கு மனு எழுதிக் கொடுப்பதும், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதும் சில ஆண்டுகளாக என் வேலை. சட்ட உதவித் தன்னார்வலராக நான் பார்த்தவரை, குடும்பங்கள் ஓடாமல் இருப்பதில்லை. ஓடும் வரிசைதான் தவறிப்போகிறது. முதல் நாள் கையில் இருக்க வேண்டிய காகிதம் பத்தாம் நாள் வருகிறது. அதற்குள் பையன் ஒன்பது இரவு உள்ளே கழித்திருப்பான்.

இது தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்காக எழுதியது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 2016 மாதிரி விதிகள், 2021 திருத்தம் ஆகியவற்றின்படி நடக்கும் வேலை இது. பையன் என்றே எழுதியிருக்கிறேன்; பெண் பிள்ளைக்கும் இதே சட்டம்தான். வக்கீல் அவசியம் வேண்டும். ஆனால் வக்கீல் வருவதற்கு முன்பும், அவர் வந்த பிறகும் உங்கள் கையில் இருக்கும் வேலை நிறைய.

1. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

செய்தி வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடத்தான் தோன்றும். பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றை ஒரு பையில் போடுங்கள்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பள்ளி அடையாள அட்டை, குடும்ப அட்டை, உங்கள் ஆதார், பையன் மருந்து ஏதும் சாப்பிட்டால் அந்தச் சீட்டு. ஒவ்வொன்றிலும் மூன்று நகல் எடுங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்; காட்டுங்கள், நகலைக் கொடுங்கள்.

ஒருவர் ஸ்டேஷனுக்குப் போகட்டும், இன்னொருவர் சான்றிதழ் வேலையைப் பார்க்கட்டும். குடும்பமே ஸ்டேஷன் வாசலில் நின்றால் வெளியே நடக்க வேண்டிய எதுவும் நடக்காது.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். குழந்தைகளுக்கு இலவச சட்ட உதவி உரிமை. பெற்றோரின் வருமானம் கணக்கில் வராது. நகையை அடகு வைத்துவிட்டு, பிறகு இதைக் கேள்விப்பட்டு அழுத தாய்மார்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

2. ஸ்டேஷனில் முதல் சில மணி நேரம்

போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இங்கே குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யாருங்க சார்?" ஒவ்வொரு காவல் நிலையத்திலும் அப்படி ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். பிள்ளை அவர் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்ட உடனேயே பேச்சின் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு நடைமுறை தெரியும் என்பது அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

அடுத்து நேரத்தைக் குறியுங்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பிடித்தார்கள்? பிடித்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, குழுமத்தின் முன் நிறுத்தியாக வேண்டும். அன்று குழுமம் அமராவிட்டால் உறுப்பினர் ஒருவர் முன்னிலையிலாவது நிறுத்த வேண்டும். "சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம்" என்ற சொல்லை நம்பி இரண்டு நாள் வாசலில் படுத்திருந்தவர்கள் உண்டு. உறவினர் ஒருவருக்கு உடனே வாட்ஸ்அப்பில் நேரத்தோடு எழுதி அனுப்புங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் ஒரு அழைப்புப் போடுங்கள். எப்போது பிடித்தார்கள் என்ற தகராறு வந்தால் அந்தச் செய்தியும் அந்த அழைப்பும் சாட்சியாக நிற்கும்.

லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, பிள்ளையிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. மூன்றில் மூன்றாவதில்தான் குடும்பங்கள் சறுக்குகின்றன. "ஒரு கையெழுத்துதானே, போட்டுடு, வீட்டுக்குப் போகலாம்" என்று அப்பாவே சொல்லிவிடுகிறார். போட வேண்டாம் என்று பையனிடம் தெளிவாகச் சொல்லுங்கள். காயம் இருந்தால் மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். பிறகு, குழுமத்தின் முன்பும் அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

எஃப்.ஐ.ஆர். பற்றி ஒரு குழப்பம் தீராமல் இருக்கிறது. மாதிரி விதிகளின்படி, கொடிய குற்றம் (எது என்று 4ஆம் படியில் சொல்கிறேன்) என்றாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகப் புகார் என்றாலோதான் சிறுவர் மீது எஃப்.ஐ.ஆர். மற்றவற்றை ஸ்டேஷனின் நாட்குறிப்பில் பதிந்து, பிள்ளையின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே "எஃப்.ஐ.ஆர். போடலை, அதனால கேஸே இல்லை" என்று நிம்மதியாகிவிடாதீர்கள். பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

3. வயதை முதலில் நிலைநாட்டுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். ஸ்டேஷனில் அந்த முதல் வேலைகள் முடிந்ததும், மற்ற எதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் 18 நிறையவில்லை என்றால் அவன் சட்டத்தின் கண்ணில் குழந்தை. பிடிபட்ட நாளில் 19 ஆகியிருந்தாலும் இது மாறாது. 17 வயது 11 மாதத்தில் நடந்த சம்பவத்துக்கு ஆறு மாதம் கழித்துப் பிடிபட்ட பையனை, பெரியவன் என்றே வக்கீல் உட்பட எல்லோரும் நடத்தியதைப் பார்த்திருக்கிறேன். அவன் அம்மாதான் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

வயதுக்கு எந்தக் காகிதம் என்பதில் சட்டம் வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோது மட்டுமே, எக்ஸ்ரே எடுத்து வயதை மதிப்பிடும் எலும்பு முதிர்ச்சிப் பரிசோதனை. பரிசோதனைக்கு உத்தரவானால் 15 நாளில் முடிக்க வேண்டும்.

இதில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஆதாரை மட்டும் கொண்டுவருவது. ஆதார் இந்தப் பட்டியலிலேயே இல்லை. அதிலும் பல வீடுகளில் பதிவு செய்யும்போது குத்துமதிப்பாகச் சொன்ன தேதிதான் இருக்கிறது. அந்தத் தேதி பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகாவிட்டால் தேவையில்லாத சந்தேகம் வரும்.

டி.சி. இருந்தால் போதும் என்று நினைப்பது. தமிழ்நாட்டிலிருந்து போன யுவபிரகாஷ் வழக்கில் 2023ல் உச்ச நீதிமன்றம், மாற்றுச் சான்றிதழும் (டி.சி.) சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து எடுத்த பகுதியும் வயதுக்குச் சட்டம் கேட்கும் ஆவணம் ஆகாது என்று சொன்னது. டி.சி. இருந்தாலும் தலைமை ஆசிரியரிடம் தனியாகப் பிறந்த தேதிச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். எட்டாவதோடு நின்றுவிட்ட பிள்ளைகளுக்கு இது உயிர்நாடி.

மூன்றாவது, ஆவணம் தேடாமல் நேரே எலும்புப் பரிசோதனைக்குத் தலையாட்டுவது. அது ஒரு மதிப்பீடு மட்டுமே. ஒன்றிரண்டு ஆண்டு முன்பின் போகும். 17 வயதுப் பிள்ளைக்கு அந்த இடைவெளி மிக ஆபத்து.

ஸ்டேஷனில் வயதை 19 என்று எழுதி, வழக்கமான நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் நிறுத்திவிட்டால்? அங்கேயே, அப்போதே, "என் பிள்ளைக்கு 18 நிறையலைங்க ஐயா, இதோ சான்றிதழ்" என்று சொல்லுங்கள். வக்கீல் வரவில்லை என்று தயங்க வேண்டாம். குழந்தை என்று தெரிந்தால் நடுவர் அதைப் பதிவு செய்து குழுமத்துக்கு அனுப்பியாக வேண்டும். அன்று விட்டுப்போனாலும் வழி அடைபடாது. வயதுக் கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும் எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும்கூட எழுப்பலாம். ஆனால் இடைப்பட்ட நாட்களைப் பையன் பெரியவர்களோடு சிறையில் கழிப்பான். அந்த நாட்களை யாரும் திருப்பித் தர முடியாது.

4. எந்த வகைக் குற்றம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வயது வேலை முடிந்ததும் வழக்கின் பிரிவு எண்களைக் கேட்டு எழுதுங்கள். வழக்கு போகும் பாதையை அவைதான் தீர்மானிக்கின்றன.

அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு வரை என்றால் சிறு குற்றம். செல்போன் பறிப்பு இதில் வரும். 3 முதல் 7 ஆண்டு வரை என்றால் கடுமையான குற்றம். வீட்டுக்குள் புகுந்து திருடியது இதில் வரும். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால்தான் கொடிய குற்றம். அதிகபட்சம் 7 ஆண்டைத் தாண்டியும், குறைந்தபட்சம் எதுவும் சொல்லப்படாத அல்லது 7க்குக் குறைவாக உள்ள குற்றங்கள் எங்கே சேரும் என்ற சந்தேகம் வெகுநாள் இருந்தது. 2020ல் உச்ச நீதிமன்றமும் பிறகு 2021 திருத்தமும் அவற்றைக் கடுமையான குற்றத்தில் சேர்த்துவிட்டன. கொலை முயற்சிப் பிரிவு அப்படிப்பட்டது. பெயரைக் கேட்டதும் பதறாதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, சாதாரணமாகத் தெரியும் வழக்கு கொடியதாக மாறும் இடங்களும் உண்டு. வழிப்பறி கடுமையான குற்றம். அதே வழிப்பறியில் கத்தியைப் பயன்படுத்தினார்கள் என்று புகாரில் வந்துவிட்டால் குறைந்தபட்சம் 7 ஆண்டு. கொடிய குற்றம் ஆகிவிடும். அந்த ஒரு சொல் 16, 17 வயதுப் பையனின் வழக்கை வேறு நீதிமன்றத்துக்கே கொண்டுபோகலாம். ஆகவே புகாரின் நகலை வாங்கி, கத்தி யார் கையில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள்.

இன்னொன்று காதல் வழக்கு. 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் ஊரை விட்டுப் போய் வந்தால், பெண் வீட்டுப் புகாரில், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 4ஆம் பிரிவு வரும். 2019 திருத்தத்துக்குப் பின் அதில் குறைந்தபட்சமே 10 ஆண்டு. "ரெண்டு வீடும் பேசி முடிச்சுட்டோம்" என்பதால் வழக்கு தானாக நிற்காது. பேசி முடித்துவிட்டு வக்கீல் வைக்காமல் இருப்பதுதான் இங்கே நான் பார்க்கும் பெரிய தவறு.

5. குழுமத்தில் முதல் நாளும் ஜாமீனும்

குழுமம் என்பது ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்த அமர்வு. அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பெரும்பாலும், வழக்கு நடக்கும்போது பிள்ளைகளை வைக்கும் கூர்நோக்கு இல்ல வளாகத்திலோ அதை ஒட்டியோ அமரும். நீதிமன்ற வளாகத்தில் தேடி அலைந்து, முதல் நாளைத் தவறவிடுபவர்கள் இருக்கிறார்கள். முந்தின நாளே முகவரியை உறுதி செய்யுங்கள். பெற்றோர் அன்று கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் யாரிடம் பிள்ளையை ஒப்படைப்பது என்பதே அன்றைய கேள்வி.

பெரியவர்கள் வழக்கில், ஜாமீனில் விடக்கூடிய குற்றமா இல்லையா என்று முதலில் பார்ப்பார்கள். இங்கே அந்த வேறுபாடு இல்லை. எந்தக் குற்றமானாலும் ஜாமீன்தான் விதி. மறுக்க மூன்று காரணங்கள் மட்டுமே: வெளியே போனால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே உடல், மன, ஒழுக்க ஆபத்து வரும், நீதியின் நோக்கம் கெடும். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும்.

எனவே மனுவில் "ஏழைக் குடும்பம், ஒரே பையன்" என்று பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை. அந்த மூன்றுக்கும் பதில் எழுதுங்கள். பையனை இழுத்துப்போன அண்ணன்மார் அதே தெருவில் இருந்தால், வேறு ஊரில் சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ தங்க வைப்பதாகச் சொல்லி, அவரையே நேரில் அழைத்து வந்து நிறுத்துங்கள். காலையில் யார் பள்ளிக்கு அனுப்புவார், மாலையில் யார் வீட்டில் இருப்பார் என்று சொல்லுங்கள். எதிர்த்தரப்பு அடிக்க வரும் என்ற பயம் இருந்தால் அதற்கும் இதுவே பதில். இப்படி ஏற்பாட்டோடு வந்த குடும்பங்களின் மனு நிதானமாகக் கேட்கப்படுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் 7 நாள் ஆகிவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவதற்காகப் பிள்ளையைக் குழுமத்தின் முன் திரும்ப நிறுத்த வேண்டும். ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்று மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

முன்ஜாமீன் பற்றி ஒரு சொல். சிறுவரைக் "கைது" செய்ய முடியாது என்பதால் சிறுவருக்கு முன்ஜாமீன் மனு நிற்காது என்று 2017ல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று தீர்ப்பளித்தது. அந்த மனுவுக்காகப் பணமும் மூன்று வாரமும் செலவழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

6. நன்னடத்தை அலுவலரிடம் உண்மையைச் சொல்லுங்கள்

ஜாமீன் வாங்கியதும் குடும்பங்கள் ஓய்ந்துவிடுகின்றன. அடுத்த இரண்டு வாரத்தில்தான் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை தயாரிப்பார். வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கத்தில் கேட்பார், பள்ளியில் கேட்பார்.

வீட்டில் குடி, அடி, கடன், பையனின் போதைப் பழக்கம் எல்லாவற்றையும் மறைப்பதுதான் மானம் என்று நினைக்கிறோம். இங்கே அது பிள்ளைக்கு எதிராகத் திரும்புகிறது. வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று எழுதப்பட்டால், பிறகு பையனுக்கு என்ன உதவி வேண்டும் என்பதே குழுமத்துக்குத் தெரியாமல் போகும். கஞ்சா பழக்கம் இருந்தால் இருக்கிறது என்று சொல்லி, சிகிச்சைக்கு அழைத்துப்போகத் தொடங்கிய சீட்டைக் காட்டுங்கள்.

அவர் கேட்பது நடந்த சம்பவத்தைப் பற்றி என்றால் மட்டும் எச்சரிக்கை வேண்டும். குடும்பம், படிப்பு, உடல்நிலை பற்றித் திறந்து பேசுங்கள். குற்றம் செய்தானா என்பதை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும்.

7. விசாரணை நாட்கள்

முதல் முறை நிறுத்திய நாளிலிருந்து 4 மாதத்தில் குழுமம் விசாரணையை முடிக்க வேண்டும். காரணம் எழுதி இன்னும் 2 மாதம் நீட்டிக்கலாம். சிறு குற்ற வழக்கு அதற்குள்ளும் முடியாவிட்டால் நடவடிக்கையே முடிவுக்கு வந்துவிடும். இந்தத் தேதிகளை வீட்டு நாட்காட்டியில் வட்டமிடுங்கள். ஆறு மாதம் தாண்டிய சிறு வழக்குக்கு இரண்டு ஆண்டாக வாய்தாவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு தந்தைக்கு, இதைக் கேட்டு மனு போடலாம் என்று யாருமே சொல்லியிருக்கவில்லை.

"ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிடும்." வெளியே வராந்தாவில் யாராவது இதைச் சொல்வார்கள். கூலி இழந்து நிற்கும் பெற்றோருக்கு அது இனிப்பாகவே கேட்கும். பிள்ளை செய்யாததை ஒத்துக்கொள்ள வைக்காதீர்கள். 18 வரை குற்றமற்ற எண்ணத்தோடு இருப்பவன் என்றே சட்டம் பிள்ளையை வைத்துப் பார்க்கிறது. அந்த இடத்திலிருந்து நாமே அவனை இறக்கிவிடக் கூடாது. செய்திருந்தால்கூட, எதை ஒத்துக்கொள்கிறோம், அதனால் என்ன உத்தரவு வரலாம் என்று வக்கீல் பையனுக்கே புரியும்படி சொன்ன பிறகுதான் பேச வேண்டும்.

பொதுத் தேர்வு நேரத்தில் பையன் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தால் தேர்வு எழுத அனுமதி கேட்டு மனு கொடுங்கள். நுழைவுச் சீட்டு நகலை இணையுங்கள். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

8. வயது 16க்கு மேல், குற்றம் கொடியது என்றால்

இரண்டும் சேர்ந்தால் மட்டுமே இந்தப் படி. 15 வயதுப் பையன் மீது கொலை வழக்கு இருந்தாலும் குழுமத்திலேயே முடியும்.

இங்கே குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். பிள்ளைக்கு அதைச் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்று பார்க்கும். இது விசாரணை அல்ல. செய்தானா இல்லையா என்ற கேள்வி இங்கே இல்லை. குழும உறுப்பினர்களில் யாருக்கும் குழந்தை உளவியல் அல்லது மனநல மருத்துவப் பட்டம் இல்லாவிட்டால் நிபுணர் உதவி பெற்றே தீர வேண்டும் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் கூறியது. நிபுணர் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். கற்றல் குறைபாடு, தலையில் அடிபட்ட வரலாறு, மனநல சிகிச்சை எதுவாக இருந்தாலும் பழைய சீட்டுகளை இப்போதே கொடுங்கள். பிறகு கொடுத்தால் காலம் கடந்துவிடும்.

பெரியவர்போல் விசாரிக்க வேண்டும் என்று குழுமம் முடிவு செய்தால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். அந்த உத்தரவை 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அங்கே போன பிறகும் அந்த நீதிமன்றம் பெரியவர்போல் விசாரிப்பது தேவையா என்று மறுபடி பார்க்க வேண்டும். அதனால் கதவு மூடிவிட்டது என்று கைவிட்டுவிடாதீர்கள். என்ன தீர்ப்பானாலும் 21 வயது வரை இதற்கென்று உள்ள பாதுகாப்பிடத்தில்தான் வைக்க வேண்டும், சிறையில் அல்ல. தூக்கும், விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது.

9. கூட்டாளிகள் பெரியவர்கள் என்றால்

ஒரே சம்பவம், இரண்டு பாதை. பெரியவர்கள் வழக்கமான நீதிமன்றத்துக்குப் போவார்கள். அங்கே ரிமாண்ட், போலீஸ் காவல், 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் என்ற கணக்கு. உங்கள் பிள்ளையை அவர்களோடு சேர்த்து விசாரிக்கக் கூடாது.

அவர்கள் வக்கீலையே உங்கள் பிள்ளைக்கும் வைக்காதீர்கள். "எல்லாத்துக்கும் சேர்த்துப் பார்த்துக்கிறேன்" என்று அந்தக் குடும்பம் சொல்வது நல்ல மனதோடும் இருக்கலாம். ஆனால் பெரியவரைக் காப்பாற்ற, "சின்னப் பையன்தான் செஞ்சான், அவனுக்குத் தண்டனை கம்மி" என்று பழி திரும்பும் இடம் இதுதான்.

10. உத்தரவு வந்த பிறகு

குழுமம் எச்சரித்து வீட்டுக்கு அனுப்பலாம். ஆலோசனை, சமூக சேவை, அபராதம் விதிக்கலாம். 3 ஆண்டு வரை நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். அதிகபட்சமாக 3 ஆண்டு வரை, பிள்ளைகளைத் திருத்துவதற்கான சிறப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். ஏற்க முடியாத உத்தரவு என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். அந்த 30 நாளில் முதல் வாரத்திலேயே சான்றளிக்கப்பட்ட நகலுக்கு மனு போடுங்கள்.

நகல் இன்னொரு காரணத்துக்கும் வேண்டும். இந்தச் சட்டத்தின்கீழ் முடிந்த வழக்கு பிள்ளையின் வேலைக்கோ படிப்புக்கோ தகுதியிழப்பு ஆகாது. குழந்தைகள் நீதிமன்றம் பெரியவர்போல் விசாரித்து முடித்த வழக்குக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. நடத்தைச் சான்றுக்காகக் கேட்கும்போது, முடிந்துபோன சிறார் வழக்கின் பதிவைக் காவல்துறை வெளியிடவும் கூடாது. ஆனால் ஐந்தாறு ஆண்டு கழித்துப் பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ விசாரணை வரும்போது பழைய பதிவு ஏதோ ஒரு நோட்டில் கிடக்கும். அப்போது காட்ட உங்களிடம் உத்தரவின் நகல் இருக்க வேண்டும். பதிவுகளை வைத்திருக்கச் சட்டம் சொல்லும் காலம் முடிந்ததும் அவற்றை அழிக்கும்படி குழுமத்தில் மனு கொடுத்து, அதன் ஒப்புகையையும் அதே கோப்பில் வையுங்கள்.

பிள்ளையின் பெயர், படம், பள்ளி, ஊர் எதையும் வெளியிடுவது குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊர் வாட்ஸ்அப் குழுவில் படம் சுற்றினால் திரைப்பிடிப்பு எடுத்து, எண்ணும் நேரமும் தெரியும்படி குழுமத்திடம் கொடுங்கள். நீங்களும் "என் பிள்ளை நிரபராதி" என்று அவன் படத்தோடு பதிவு போடாதீர்கள்.